சித்திரையில் மாரா, மாசியில் செரெங்கெட்டி

"பிள்ளைகளுக்கு மே மாசம் முழுக்க லீவு. அப்போ ஆப்பிரிக்கா சஃபாரி போயிட்டு வந்துடலாமா?"

வருடத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் 2018 ஏப்ரல் கடைசியில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போனேன். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் முதல் பக்கமே ஆற்றில் பாயும் வைல்டுபீஸ்ட் (மாடு மாதிரித் தோற்றமுள்ள பெரிய மான்) கூட்டத்தின் படம். அந்தப் படத்தைக் காட்டிக் காட்டித்தான் சின்னவளை முழுப் பரீட்சைக்குப் படிக்க வைத்தோம். அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் கூட்டம் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவில் இருக்கிறது. மாராவுக்கு வர இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று. ஏற்பாட்டாளர் பொய் சொல்லவில்லை. எந்த மாதத்துப் படம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு மணி நேரம் மழை கொட்டியது. நின்றதும் கிளம்பினோம். எங்கள் லேண்ட் குரூசருக்கு நான்கு சக்கரமும் இழுக்கும். ஆனால் அந்தத் தடத்தில் அது நேராகப் போகவே இல்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரம் அச்சு வரை உள்ளே. ஓட்டுநர் சுற்றிலும் நிதானமாகப் பார்த்து, புல்லுக்குள் எதுவும் படுத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இறங்கினார். பின்னாலேயே அப்பாவும் இறங்கிவிட்டார். கோவில்பட்டிப் பக்கம் நாற்பது வருடம் மானாவாரி வெள்ளாமை பார்த்த மனிதர். செருப்பில் அப்பியிருந்த சேற்றை வழித்து எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, திரியாக உருட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, இது நம்ம கரிசல்தான்!"

அவர் சொன்னது சரி. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓட்டுநர்கள் இந்த மண்ணை 'பிளாக் காட்டன்' என்றே சொல்கிறார்கள். பருத்தி விளைகிற நம் கரிசலும் அதுவும் ஒரே குடும்பம். களிமண் அதிகம், ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் மாட்டு வண்டியை இறக்கமாட்டார்கள். மாராவிலும் அதே நிலைதான், வண்டி மட்டும்தான் வேறு. அப்பா சைகையிலேயே, "முறுக்காதீங்க, முறுக்குனா இன்னும் இறங்கும்" என்றார். அது ஓட்டுநருக்கும் தெரிந்திருந்தது. ஜாக்கி வைத்து, தட்டைக் கல் அண்டை கொடுத்து, கடைசியில் இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுத்து வெளியே வர மூன்று மணி நேரம். அதிலிருந்து ஊர் திரும்பும் வரை அந்த ஓட்டுநர் அப்பாவை 'ம்ஸே' என்றுதான் கூப்பிட்டார். வயதில் மூத்த ஆணுக்குச் சுவாஹிலியில் கொடுக்கும் மரியாதை அது. என் மனைவியை 'மாமா' என்றார். அங்கே அது அம்மாவுக்கான சொல். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருடம் கென்யாவில் மசிகா மழை மிகக் கடுமையாக இருந்தது. மார்ச் முதல் மே வரை பெய்கிற நீண்ட மழைக்குத்தான் மசிகா என்று பெயர். அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் குறுமழை வூலி. இந்த இரண்டு சொற்களையும் தெரிந்துகொண்டுவிட்டால் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தில் பாதித் திட்டம் முடிந்தது என்பேன்.

இரண்டு மழை ஏன்? சூரியன் உச்சியில் நிற்கிற இடத்தை ஒட்டி ஒரு மழைப் பட்டை பூமியைச் சுற்றி இருக்கிறது. சூரியன் வடக்கே போனால் அதுவும் வடக்கே போகும், தெற்கே இறங்கினால் கூடவே இறங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்யாவும் வட தான்சானியாவும் அந்தப் பட்டையின் பாதையில் இருப்பதால் போகும்போது ஒரு மழை, வரும்போது ஒரு மழை. தெற்கே போகப் போக இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தெற்குத் தான்சானியாவின் ருவாஹாவில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம்தான்.

அப்பாவுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. "நம்ம ஐப்பசி கார்த்திகைதான் இவங்களுக்கு வூலி" என்று அவரே சொல்லிவிட்டார். நமக்கு வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் காற்று கடல் தாண்டிப் போய் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் கஸ்காசி என்ற பெயரில் வீசுகிறது. பாய்மரக் கப்பல்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது அதை நம்பித்தான். ஆனால் நமக்கு அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற சித்திரை, வைகாசியில் அங்கே மசிகா. நம் கோடை விடுமுறை அப்படியே அதன்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. மே மாதத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மசிகாவில் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்த மாராவில்தான் என் பிள்ளைகள் முதன்முதலாகக் காட்டில் சிங்கம் பார்த்தார்கள். மாராவிலேயே வருடம் முழுக்க வாழும் சிங்கங்கள், யானைகள், ஒட்டகச்சிவிங்கிகள் ஏராளம். இடம்பெயர்வது எல்லா விலங்கும் இல்லை. காற்றில் தூசியே இல்லை. சாயங்காலம் மேகம் விலகி வெயில் அடித்தபோது இருந்த வெளிச்சத்தைப் போல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எங்களைத் தவிர வண்டிகளும் அதிகம் இல்லை. வாடகை பாதிக்குப் பக்கம். ஆனால் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். அதற்குள் படுத்திருக்கும் விலங்கு கண்ணில் படாது. பல முகாம்கள் ஏப்ரல், மேயில் மூடியிருக்கும். ஆறு திடீரென்று பெருகும். 2024 மே தொடக்கத்தில் மாராவின் தலெக் ஆறு கரை உடைத்து முகாம்களுக்குள் புகுந்து, சுற்றுலா வந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர் இதையும் சேர்த்து யோசிக்கத்தான் வேண்டும்.

என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் "எந்த மாதம் நல்லது?" என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. விலங்கு புல்லைத் தேடிப் போகிறது, புல் மழையைத் தேடி முளைக்கிறது. அதனால் மழை எங்கே என்று முதலில் கேளுங்கள்; நீங்கள் பார்க்க ஆசைப்படுவது அந்த மழையோடு இருக்கிறதா, மழை இல்லாத இடத்தில் இருக்கிறதா என்று அப்புறம் கேளுங்கள். மாதம் தானாக வந்து நிற்கும்.

தான்சானியாவின் செரெங்கெட்டி, கென்யாவின் மாரா இரண்டும் ஒரே நிலம். நடுவில் நாட்டு எல்லை ஓடுகிறது, அவ்வளவுதான். செரெங்கெட்டி தேசியப் பூங்கா மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். மாரா அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த நிலத்தின் தென்கிழக்கு மூலையில் வருடத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். இங்கொரோங்கொரோ மலை கீழ்க்காற்றை மறித்துவிடுகிறது. வடக்கே மாரா பக்கம் போனால் அதைப்போல இரண்டு மடங்கு. அப்படியென்றால் எல்லா விலங்கும் வடக்கிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றும். இருக்காது. தெற்கே ஒல்தோயின்யோ லெங்காய் என்று ஓர் எரிமலை இருக்கிறது, இன்றும் உயிரோடு இருப்பது. அதைப் போன்ற எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்த சமவெளி அது. சாம்பல் கெட்டித்து அடியில் பாறைத் தட்டாக இருப்பதால் மரம் வேர் விடாது; குட்டைப் புல் மட்டும் வளரும். அந்தப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைய. பால் கொடுக்கிற தாய்க்கு வேண்டியது அதுதான். ஆனால் மழை இருக்கும்வரைதான் அங்கே பச்சை. மே வாக்கில் சமவெளி காய்ந்து, தண்ணீரும் வற்றிவிடும். அப்போது கூட்டம் வடமேற்காக நகரும். மே, ஜூனில் குருமெட்டி ஆற்றுப் பக்கம், ஜூலை கடைசிக்குள் மாரா ஆறு. அக்டோபர் கடைசியில் வூலி தொடங்கியதும் மறுபடி தெற்கே. பதின்மூன்று லட்சம் வைல்டுபீஸ்ட், இரண்டு லட்சம் வரிக்குதிரை, லட்சக்கணக்கில் சிறுமான்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இத்தனையும் வருடா வருடம் சுற்றுவது சத்துள்ள புல்லுக்கும் தண்ணீருக்கும் இடையில்தான்.

ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டும் என்றால் ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை. நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை இதற்குள் வருகிறது. சின்ன விடுமுறைதான், ஆனால் சரியான நேரம். என் அக்கா குடும்பம் அப்படித்தான் போனார்கள். கரையில் ஐந்து மணி நேரம் காத்திருந்தார்களாம். கூட்டம் விளிம்புவரை வரும், முன்னால் நிற்பது தண்ணீரை மோந்து பார்க்கும், பின்னால் நிற்பது முட்டும். திடீரென்று ஒன்று திரும்பி ஓட, அத்தனையும் திரும்பி ஓடும். முதல் நாள் கடக்கவே இல்லை. மறுநாள் பத்து மணிக்கு ஒன்று குதித்தது. "அதுக்கப்புறம் நான் மூச்சு விட்டேனான்னே தெரியல தம்பி" என்றாள் அக்கா. மூன்று நாள் தங்கல் போட்டதால் பார்த்தார்கள். ஒரே இரவு தங்கியிருந்தால் முதல் நாளோடு திரும்பியிருப்பார்கள். இந்த ஆறு கென்யாவின் மாவ் மலைக்காட்டில் பிறக்கிறது. அங்கே நல்ல மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருந்தாலும் தண்ணீர் ஏறும், கடக்கும்போது அடித்துக்கொண்டு போகும். வருடத்துக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கு மேல் வைல்டுபீஸ்ட் அந்த ஆற்றில் மூழ்கிச் சாகின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த மாதங்களில் சுற்றுலாக் கூட்டமும் விலையும் உச்சம். மாராவின் நுழைவுக் கட்டணமே பருவத்துக்கேற்ப மாறுகிறது: 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நான்கு பேர் மூன்று நாள் என்றால் வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் விடியற்காலையில் நடுங்கிவிடுவார்கள். நைரோபியே கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் உயரம் குறைவு, இங்கொரோங்கொரோ எரிமலைக் குழியின் விளிம்பு 2,300 மீட்டர். காலைப் பனிமூட்டத்தில் அடுத்த வண்டி தெரியாது. திறந்த கூரை வண்டியில் ஆறு மணிக்கு ஸ்வெட்டரும் மப்ளரும் வேண்டும், பத்து மணிக்கு அரைக்கைச் சட்டை போதும். நீலம், கறுப்பு நிறத் துணி வேண்டாம், ட்செட்ஸி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். அதன் கடி துணிக்கு மேலேயே இறங்கும். மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் கொசு கூடும், மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எடுங்கள். கென்யாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி பத்து நாளுக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள்.

யானைதான் பார்க்கவேண்டும் என்றால் கதை வேறு. வட தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் ஜூன் முதல் அக்டோபர் வரை வெளியே எல்லாக் குட்டையும் வற்றிப்போய், ஆறு மட்டும் மிஞ்சும். நூற்றுக்கணக்கில் யானைகள் அந்த ஆற்றுக்கு வரும். மழை வந்தால் நாலா பக்கமும் கலைந்துவிடும். நமீபியாவின் எடோஷா, தென்னாப்பிரிக்காவின் குரூகர் இரண்டிலும் இதே தத்துவம்தான்: வறட்சியில் நீர்நிலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் போதும்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்புநிலம் மட்டும் எல்லாவற்றுக்கும் எதிர். நவம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்வது அங்கோலா மேட்டுநிலத்தில். அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, நாணல் காட்டுக்குள் ஊர்ந்து ஊர்ந்து சமவெளியை நிரப்ப மாதக்கணக்கில் ஆகிறது. வெள்ளம் உச்சத்துக்கு வருவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாத காலத்தில்! சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்க நடுவில் கடல் போலத் தண்ணீர். அது கடலுக்கும் போவதில்லை, கலஹாரி மணலிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே நான் இன்னும் போகவில்லை. போகவேண்டும் என்ற ஆசை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது.

மாதத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாலும் அந்த வருடத்து மழை எப்படி என்று பார்க்கவேண்டும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பாதி குளிர்ந்தும் இருக்கும் வருடங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் வூலி மழை கொட்டித் தீர்க்கும். 1999-ல் சஜி, யமகாட்டா முதலிய விஞ்ஞானிகள் இதைக் கண்டு எழுதினார்கள். இருமுனை நிகழ்வு என்று நம் வானிலைச் செய்திகளிலும் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. 2019-ல் அது மிக வலுவாக இருந்தது, அங்கே பெருவெள்ளம். அடுத்த வருடமே கதை தலைகீழ். 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. 2022 பிப்ரவரியிலிருந்து அக்டோபருக்குள் கென்யாவில் வறட்சியால் இறந்ததாக அரசு எண்ணிச் சொன்னவை 205 யானைகள், 512 வைல்டுபீஸ்ட்கள், 381 வரிக்குதிரைகள், இன்னும் பல. எண்ணிக்கையில் வந்தவை மட்டும் இவை. கென்யாவின் அம்போசெலி பூங்காவில் எடுத்த அந்த வறட்சிப் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை. மழை பொய்த்த வருடங்களில் மாடு விற்ற மனிதர் அவர்.

எங்களுடைய இரண்டாம் பயணம் 2020 பிப்ரவரியில். 'கூட்டம் இல்லாத மாராவைப் பார்த்தாச்சு, கூட்டத்தைப் பார்க்கணும்' என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிப்ரவரி என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், மனைவியாலும் வரமுடியாது. வைல்டுபீஸ்ட் குட்டி ஈனும் அந்தப் பருவத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு போக நமக்கு வழியே இல்லை. அது எனக்கு இன்றும் குறைதான். நானும் அப்பாவும் மட்டும் கிளம்பினோம். செரெங்கெட்டியின் தெற்கு விளிம்பில் என்டுட்டு என்ற ஏரிப் பகுதி. முந்தைய வூலி நன்றாகப் பெய்திருந்ததால் சமவெளி முழுக்கக் குட்டைப் புல், பச்சைக் கம்பளி போர்த்தியது மாதிரி. அதன்மேல் கண்ணுக்கு எட்டுகிற வரை கறுப்புப் புள்ளிகள். 'ங்னு, ங்னு' என்று இடைவிடாத முனகல், இரவில் கூடாரத்துக்குள்ளும் கேட்டது. நடுநடுவே செங்கால் நாரைகள் கூட்டமாக மேய்ந்தன. ஐரோப்பாவின் குளிருக்குத் தப்பி வந்தவை.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை குட்டி ஈனும் காலம் என்றாலும் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈன்றுவிடுகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனைதான் தின்னமுடியும் என்ற கணக்கு அது. மூன்றாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். வண்டியிலிருந்து முப்பதடி தூரத்தில் ஒரு தாய் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. அப்பா என் கையைத் தட்டி, "நீர்க்குடம் வந்திருச்சு, பாரு" என்றார். முன்னங்கால் இரண்டும் முதலில் வெளியே வந்தன, அதன்மேல் வைத்த மாதிரி மூக்கு. தாய் ஒருமுறை எழுந்து நின்றது. குட்டி வழுக்கித் தரையில் விழுந்தது. தவிட்டு நிறம், உடம்பெல்லாம் ஈரம், ஆவி பறந்தது. தாய் நக்கிக்கொண்டிருக்கும்போதே அது பின்னங்காலை ஊன்றியது. விழுந்தது. மறுபடி ஊன்றியது, மூக்கு குத்த விழுந்தது. நான்காவது முறை நின்றுவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம். நூறடி தள்ளி ஒரு கழுதைப்புலி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி காலை அகட்டி அகட்டி வைத்துத் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனபின்தான் ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். "நம்ம கன்னுக்குட்டி அரை மணி நேரமாவது எடுக்கும்யா" என்று அப்பா ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் சாயங்காலம் கிழக்கே மலைக்கு இந்தப் பக்கம் வானம் கறுத்தது. எங்களுக்கு மேலே வெயில். அங்கே மட்டும் மழை, திரை கட்டினது மாதிரி. இருட்டிய பிறகும் அந்தத் திசையில் மின்னிக்கொண்டே இருந்தது. கூடாரத்து வாசலில் நாற்காலி போட்டு அப்பாவும் ஓட்டுநரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அப்பா கிழக்கே கை நீட்டி ஏதோ கேட்டார், அவர் தலையாட்டினார்.

காலையில் எழுந்து பார்த்தால் நேற்று வண்டி போக இடமில்லாமல் நின்ற சமவெளியில் சாணமும், குளம்படித் தடமும், பத்துப் பதினைந்து நாரைகளும்தான் இருந்தன. முனகல் சத்தம் இல்லை. ஓட்டுநர் ஃபிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு, "ம்ஸே, போகலாமா?" என்று சைகை காட்டினார். அப்பா முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். இரவு மின்னிய பக்கம் வண்டியைத் திருப்பினோம்.